ஜெர்மனியில் மகனுக்குக் கவின் என்று பெயர் வைத்தால் 'கெவின்' ஆகிவிடுமா?

நெக்கார்க்கரை:
வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் ஈரோடு. மார்ச் மாதம் பிரசவம். பையனா பெண்ணா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பையன் என்றால் கவின் என்று இருவருமே முடிவு செய்துவிட்டோம். சின்னப் பெயர், தமிழ்ப் பெயர், வடமொழி எழுத்து எதுவும் இல்லை, இங்கே உள்ளவர்களுக்கும் வாயில் நுழையும் என்றுதான் நினைத்திருந்தோம்.

அலுவலகத்தில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ஒரு ஜெர்மன் நண்பர் "கெவினா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். இல்லை, கவின் என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். ஆனால் மேசையில் இருந்த மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், பிள்ளைக்குக் கெவின் மாதிரிப் பெயர் வைப்பதைக் கிண்டல் செய்ய 'கெவினிஸ்முஸ்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு சாதாரணப் பெயருக்கு இவ்வளவு கெட்ட பெயரா?

இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கிண்டல் இன்னும் உயிரோடு இருக்கிறதா? கவினையும் அது பிடித்துக்கொள்ளுமா? மனைவி உறுதியாக இருக்கிறார், நான்தான் கலங்கிப்போயிருக்கிறேன்.

வேதாளம்77:
கெவினுக்கு என்னய்யா குறைச்சல்? கெவின் காஸ்ட்னர், கெவின் பீட்டர்சன், கெவின் டி பிராய்னா. எங்கள் பெரம்பூரில் ஒரு கெவின் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான். அவன் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. ஜெர்மன்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா?

தாமரை_எசன்:
தம்பி வேதாளம், பெரம்பூரில் அது கிறிஸ்தவப் பெயர், அவ்வளவுதான். இங்கே அந்தப் பெயரைக் கேட்டவுடன் அப்பா என்ன வேலை செய்கிறார், அம்மா எங்கே சாமான் வாங்குகிறார், வீட்டில் புத்தகம் இருக்கிறதா என்று வரைக்கும் ஆட்கள் ஊகித்துவிடுவார்கள்.

நான் எசன் நகரில் கிண்டர்கார்டனில் வேலை செய்கிறேன், தொண்ணூறுகளில் சேர்ந்தேன். அப்போது ஒரே குழுவில் இரண்டு கெவின் இருப்பது சாதாரணம். கெவின் பி., கெவின் எம். என்று கூப்பிடுவோம். ரூர் பகுதி என்பதால் சுரங்கத்திலும் உருக்காலையிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், கடையில் கல்லாவில் இருக்கிற அம்மாக்களின் பிள்ளைகள். அந்தக் காலத்தில் அது புதுப் பெயர், துடியான பெயர். ஒருவரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை. டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் மக்சிமிலியன், யாக்கோப், ஷார்லொட்டெ. எல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துப் பெயர்கள். அந்த வீடுகளிலிருந்து ஒரு கெவின்கூட எங்களிடம் வந்ததில்லை.

கிண்டல் பெரிதானது பிறகுதான். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பதின்ம வயதாகி, சேட்டை செய்யத் தொடங்கியபோது. அதற்குள் அந்தப் பெயரை யாரும் புதுக் குழந்தைக்கு வைப்பதையே விட்டுவிட்டார்கள். ஆக, வைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

நெக்கார்க்கரை:
அக்கா, ஆசிரியர்களே இப்படி நினைக்கிறார்கள் என்று ஏதோ ஆய்வு பற்றிப் படித்தேன். உண்மையா?

தாமரை_எசன்:
ஓம், உண்மை. 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் இணையத்தில் கேள்வி கேட்டார்கள். எந்தப் பெயரைக் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை என்று தோன்றுகிறது, எந்தப் பெயரைக் கேட்டால் குழப்படிப் பிள்ளை என்று தோன்றுகிறது என்று. ஷார்லொட்டெ, சோஃபி, அலெக்சாண்டர், லூக்காஸ், சீமோன் எல்லாம் நல்ல பக்கம். கெவின், ஜஸ்டின், மாண்டி, சாந்தால் எல்லாம் கெட்ட பக்கம். அதில் ஒரு ஆசிரியர் எழுதிய வரிதான் நாடு முழுக்கப் பரவியது: "கெவின் என்பது பெயர் இல்லை, டயக்னோசிஸ்." எங்கள் ஊழியர் அறையில் ஒருவர் அதை வாசித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன் ஜஸ்டின்.

எண்ணும்_எழுத்தும்:
அந்த ஆய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு மாணவியின் பட்ட ஆய்வு. அளந்தது ஆசிரியர்களின் மனச்சாய்வை, பிள்ளைகளின் நடத்தையை இல்லை. அந்தப் புகழ்பெற்ற வரி ஒரே ஒரு ஆசிரியர் கருத்துப் பகுதியில் எழுதியது. ஆசிரியர்கள் பெயரை வைத்து எடை போடுகிறார்கள் என்று எச்சரிப்பதற்காகத்தான் ஆய்வே நடந்தது. பத்திரிகைகள் அதைத் தலைகீழாக்கி, கெவின் என்றால் அப்படித்தான் என்பதற்குச் சான்றிதழாக ஆக்கிவிட்டன.

2015இல் இன்னொரு கூத்து. ஆண்டுதோறும் 'இளைஞர் சொல்' என்று ஒரு போட்டி நடத்துவார்கள். அதில் 'ஆல்ஃபா கெவின்' என்பது வாக்கெடுப்பில் முன்னணியில் இருந்தது. முட்டாள்களுக்கெல்லாம் தலைவன் என்று பொருள். நிஜக் கெவின்களை இழிவுபடுத்துகிறது என்று நடத்திய பதிப்பகமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

வேதாளம்77:
சரி, கிண்டல் புரிந்தது. எனக்குப் புரியாதது, இந்தப் பெயர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான். அது ஐரிஷ் பெயர் இல்லையா? என் ஊகம், எல்லாம் அந்த 'ஹோம் அலோன்' படம். வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டு திருடர்களைப் பந்தாடுகிற பையன் பெயர் கெவின்தானே. ஜெர்மன் தலைப்பிலேயே கெவின் உண்டு என்று கேள்வி.

எண்ணும்_எழுத்தும்:
எல்லோரும் சொல்கிற காரணம் அதுதான். ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் கெவின் முதலிடத்துக்கு வந்தது 1991இல். படம் ஜெர்மன் திரையரங்குகளுக்கு வந்தது அதே ஆண்டு ஜனவரியில். பார்க்கிறவர்களுக்குப் பொருத்தம் கனகச்சிதமாகத் தெரியும். ஆனால் பிரான்சில் அந்தப் பெயர் 1989இலேயே முதலிடம். படம் அங்கே வெளியானது 1990 டிசம்பரில். அதோடு பிரெஞ்சுத் தலைப்பில் கெவின் என்ற பெயரே கிடையாது, 'அம்மா, விமானத்தைத் தவறவிட்டேன்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. ஜெர்மனியிலும் படத்துக்கு முன்பே பெயர் ஏறிக்கொண்டிருந்தது. கால்பந்து பார்ப்பவர்களுக்குச் சுலபமாகத் தெரியும்: கெவின் பிரின்ஸ் போவாடெங் பெர்லினில் 1987இல் பிறந்தவர், கெவின் குரோஸ்க்ராய்ட்ஸ் டோர்ட்முண்டில் 1988, கெவின் டிராப் 1990. இவர்கள் பெயர் வைக்கப்பட்டபோது படமே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் படம் கொஞ்சம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' படத்துக்காக காஸ்ட்னர் ஆஸ்கர் வாங்கியதும் அதே 1991.

பிறகு யார் கொண்டுவந்தது? எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. கெவின் என்ற பெயரை ஐரோப்பாவுக்கு விளம்பரம் செய்த ஆட்களின் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். கெவின் கிளைன் 1947, கெவின் கீகன் 1951, கெவின் காஸ்ட்னர் 1955, கெவின் பேக்கன் 1958. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கெவின் புதுமோஸ்தராக இருந்தது அந்த ஐம்பது அறுபதுகளில்தான். அப்போது பிறந்த பையன்கள் வளர்ந்து புகழ்பெற முப்பது வருடம் ஆனது. அவர்கள் முகம் ஐரோப்பியத் திரையிலும் டிவியிலும் வந்தபோது, பெயர் அங்கே புத்தம் புதிதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் நடுவயதுக்காரரின் பெயர் ஜெர்மனியில் குழந்தையின் பெயராகிவிட்டது.

கீகன் விஷயம் ஜெர்மனிக்கே உரியது. 1977இல் லிவர்பூலை விட்டு ஹாம்பர்க் அணிக்கு வந்தார். 1978, 1979 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர். 1979இல் ஹாம்பர்க் லீக் பட்டம் வென்றது. போதாததற்கு ஒரு பாட்டு வேறு பாடி ஜெர்மன் பாட்டுப் பட்டியலில் ஏறினார். கால்பந்து பார்க்கிற ஒரு தொழிலாளி வீட்டில் அடுத்த பையனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

கோவை_கதிர்:
நம் ஊரில் ஒரு காலத்தில் பிறந்த பையன்களில் பாதிப் பேருக்குக் கபில்தேவ், சச்சின் என்று வைத்த மாதிரி. சரிதான். ஆனால் சச்சின் என்றால் யாரும் சிரிப்பதில்லையே. அங்கே மட்டும் ஏன்?

லாச்சப்பல்வாசி:
நான் பாரிஸ். இங்கத்தைய கதையைச் சொல்கிறேன், கதிரின் கேள்விக்கும் அதிலே விடை இருக்கும்.

பிரான்சில் 1989 முதல் 1994 வரைக்கும் ஆண்பிள்ளைப் பெயரில் முதலிடம் கெவின்தான். 1991இல் மட்டும் 13,000க்கு மேல் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இத்தனைக்கும் 1993 ஜனவரி வரைக்கும் இங்கே நினைத்த பெயரை வைக்க முடியாது. நெப்போலியன் காலத்து 1803ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர், பழைய வரலாற்றுப் பெயர் என்று கட்டுப்பாடு. பிறகு தளர்த்தினாலும் பதிவு செய்கிற அதிகாரி மறுக்கலாம். கெவின் எப்படித் தப்பியது என்றால், அயர்லாந்தில் கிளெண்டலாக் மடத்தை நிறுவிய புனித கெவின் இருக்கிறார், ஜூன் 3 அவருடைய நாள். பிரெஞ்சு நாட்காட்டியிலே அச்சாகியிருக்கும். அமெரிக்கப் பெயர் என்று ஆட்கள் ஆசைப்பட்டார்கள், அதிகாரிக்கோ அது 6ஆம் நூற்றாண்டுத் துறவி. இரண்டு பக்கமும் சரி.

பெயர்கள் வழக்கமாக மேலேயிருந்து கீழே வரும். பாரிசில் படித்த பணக்காரக் குடும்பங்கள் முதலில் வைக்கும், பத்துப் பதினைந்து வருடத்தில் அது மற்றவர்களிடம் வந்து சேரும், வந்து சேர்ந்ததும் மேலே உள்ளவர்கள் விட்டுவிடுவார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர்கள் இதைப் பல காலமாக எழுதிவருகிறார்கள். கெவின் இந்த வழியில் வரவில்லை. தொழிலாளர் வீடுகளிலே தொடங்கி அங்கேயே பரவி, மேல்தட்டைத் தொடாமலே நாட்டின் முதல் பெயராகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் முதலிடம் பிடித்ததைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. என் அபிப்பிராயம் இது.

எண்ணும்_எழுத்தும்:
லாச்சப்பல்வாசி சொல்வதோடு இதையும் சேர்க்கலாம். பாட்டிஸ்ட் கூல்மோன் என்ற சமூகவியலாளர், பிரான்சின் பள்ளி இறுதித் தேர்வில் 'மிக நன்று' தரம் வாங்கியவர்களைப் பெயர்வாரியாக ஆண்டுதோறும் படம் போட்டுக் காட்டுவார். கெவின்கள் அடியில் இருந்தார்கள். பெயர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, அந்தப் பெயர் வைத்த வீடுகளின் வசதியும் படிப்பும்தான் அங்கே தெரிகிறது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாவது பாதியைச் செய்தித்தாள்கள் போடுவதில்லை.

லாச்சப்பல்வாசி:
2022 தேர்தலில் முதன்முறையாக இரண்டு கெவின்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள், இரண்டு பேரும் லெ பென் அம்மையாரின் தீவிர வலதுசாரிக் கட்சி. அன்றைக்கு முழுக்க இங்கே சிரிப்புத்தான். அந்தக் கட்சியை எனக்குக் கண்ணிலே காட்டக்கூடாது, ஆனால் ஒரு முழுத் தலைமுறையின் பெயர் நாடாளுமன்றத்தில் அதுவரைக்கும் ஒன்றுகூட இல்லை என்பதை யாராவது யோசித்தார்களா?

வேதாளம்77:
கேட்கக் கேட்க இது பெயர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஒருவன் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டுவிட்டுச் சாதியைத் துழாவுகிற ஆட்களைப் பார்த்ததில்லையா? அதே புத்தி, வேறு நாடு.

தாமரை_எசன்:
அதேதான் தம்பி.

கோவை_கதிர்:
முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பெயர் அளவுக்கு மீறிப் பரவினால் தானாகவே சலிப்புத் தட்டும். ரமேஷ், சுரேஷ் இரண்டும் ஒரு காலத்தில் எவ்வளவு நாகரிகமான பெயர்கள். இப்போது ஃபைவ் ஸ்டார் சாக்லேட் விளம்பரத்தில் இரண்டு அசடுகளின் பெயர். அதில் வர்க்கம் எங்கே வந்தது?

எண்ணும்_எழுத்தும்:
நல்ல கேள்வி. வேகத்தைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. யோனா பெர்கர், கயேல் லெ மென்ஸ் என்ற இருவர் 2009இல் வெளியிட்டது. அமெரிக்கா, பிரான்ஸ் இரண்டிலும் நூறு ஆண்டுப் பெயர்ப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வேகமாக ஏறிய பெயர் வேகமாக இறங்குகிறது. பெற்றோரிடம் கேட்டபோது, சட்டென்று பரவுகிற பெயரை 'இது கொஞ்ச நாள் மோகம்' என்று சந்தேகப்பட்டு ஒதுக்குவதாகத் தெரிந்தது.

கெவின் இதற்கு நல்ல சோதனை, ஏனென்றால் ஒரே பெயர் இரண்டு வேகத்தில் பயணம் செய்திருக்கிறது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து நிதானமாக ஏறி, 60களின் முற்பகுதியில் உச்சம் தொட்டு, பிறகு பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. அங்கே கெவின் என்றால் பக்கத்து வீட்டு மாமா. வக்கீலும் உண்டு, லாரி ஓட்டுநரும் உண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மேலே போய் அதே வேகத்தில் கீழே வந்தது. அதனால் அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட வயதுக்கும் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கும் முத்திரையாக ஒட்டிக்கொண்டது. கதிர் சொல்கிற சலிப்பு, தாமரை அக்கா சொல்கிற வர்க்கம், இரண்டும் சேர்ந்தால்தான் கெவினிஸ்முஸ். சலிப்பு மட்டும் என்றால் ரமேஷ் சுரேஷ் மாதிரி லேசான சிரிப்போடு போயிருக்கும்.

கெவின்_தான்:
நான் இங்கே எழுதுவது அரிது, வாசிப்பது மட்டும்தான். என் பெயர் கெவின். தமிழன், டோர்ட்முண்டில் பிறந்தவன், 1992. தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எங்கட அப்பா அம்மா எண்பதுகளில் அகதியாக வந்தவர்கள். மூத்த அண்ணாவுக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைத்து, கிண்டர்கார்டனில் அதை ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. நான் பிறந்தபோது, இவனுக்கு இந்த நாட்டுப் பெயராக வைப்போம், இவன் கஷ்டப்படக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெர்மன் அம்மாவும் தன் பிள்ளைக்குக் கெவின் என்றுதான் வைத்தாவாம். எல்லோரும் வைக்கிறார்கள், அப்ப அது நல்ல பெயர்தானே. ஜெர்மன் பிள்ளை மாதிரி இருக்கட்டும் என்று தேடித் தேடி, ஜெர்மன்காரரே பிறகு கைவிட்ட பெயரைப் பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்தக் கிண்டல் எதுவும் இன்றைக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தது என்றால், ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது முதலில் 'கெவின்' என்று ஒரு மாதிரி சொல்வார், அப்புறம் கண் பக்கத்தில் போகும், அங்கே பதினெட்டு எழுத்துத் தமிழ்ப் பெயர் இருக்கும். அங்கே நின்றுவிடுவார். சிரிப்பு வராது, குழப்பம்தான் வரும். கெவின் கிண்டல் என்பது ஜெர்மன் ஏழைகளைப் பற்றியது, கருத்த பிள்ளை அந்தப் படத்தில் பொருந்தமாட்டான். எனக்கு வேறு கிண்டல்கள் இருந்தன, அது வேறு கதை. என் வகுப்பில் இருந்த வெள்ளைக் கெவின்தான் பாவம். அவன் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள், நல்ல பெடியன், இப்போது மின்சார வேலைக்கு மாஸ்டர் பட்டம் எடுத்து ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறான்.

நெக்கார்க்கரை அண்ணா, பயப்படாதீங்கோ. கவின் என்று வையுங்கோ. என்னைக் கேட்டால் நான் மாற்றிக்கொள்வேன்.

நெக்கார்க்கரை:
தம்பி, எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டதும் "பார்த்தீர்களா" என்று ஒரு பார்வை.

எண்ணும்_எழுத்தும்:
கெவின்_தான், அருமையான பதிவு. ஒன்று கவனித்தீர்களா, உங்கள் வயதுக் கெவின்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். கெவின் கூனர்ட் 1989இல் பெர்லினில் பிறந்தவர், 2021இலிருந்து 2024 வரை எஸ்பிடி என்கிற ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் பொதுச் செயலாளர். பிரான்சின் கெவின் மாயே 1992, பத்து விளையாட்டுகள் கொண்ட டெகாத்லானில் 2018இல் 9,126 புள்ளி எடுத்து உலக சாதனை. இன்றைக்கு ஆரம்பப் பள்ளியில் கெவின் என்பவர் பெரும்பாலும் ஆசிரியராகத்தான் இருப்பார், மாணவராக இல்லை. 2009 ஆய்வில் மிரண்ட ஆசிரியர்களும் ஓய்வு பெறத் தொடங்கியிருப்பார்கள்.

தாமரை_எசன்:
எங்கள் இடத்தில் போன வருடம் பயிற்சிக்கு வந்த பெடியன் பெயர் கெவின். பிள்ளைகளுக்கு அவன் என்றால் உயிர். அந்தப் பெயரில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பெற்றோர் மட்டும் அறிமுகப்படுத்தும்போது லேசாக உதட்டைக் கடிப்பார்கள். உங்கள் அலுவலகத்து ஆட்களும் அந்த வயதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நெக்கார்க்கரை.

நெக்கார்க்கரை:
ஆமாம் அக்கா, மூவருமே நாற்பதை ஒட்டியவர்கள். சரி, அடுத்த கேள்வி. எழுத்துக்கூட்டல். கே ஏ வி ஐ என் என்று எழுதினால் அவசரமாகப் படிக்கிறவர் கெவின் என்றே படிக்கக்கூடும், ஒரு எழுத்துதான் வித்தியாசம். வி வராமல் டபிள்யூ போட்டால்? ஜெர்மனில் டபிள்யூவுக்கு 'வ' ஒலிதானே. இல்லை, ஏ இரண்டு போடலாமா?

கோவை_கதிர்:
இரண்டு ஏ போட்டால் காவின் ஆகிவிடும். ஊரில் உங்கள் அப்பா எண்கணிதம் பார்ப்பவர் என்றால் மூன்று ஏ கூடப் போடச் சொல்வார், ஜாக்கிரதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே கவின் இப்போது சர்வ சாதாரணம். 2019இல் பிக்பாஸில் அந்த நடிகர் வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது போலத் தோன்றுகிறது. என் மகள் வகுப்பில் கவின், கவின்குமார், கவினேஷ் மூவரும் உண்டு. வேகமாக ஏறினால் வேகமாக இறங்கும் என்று மேலே படித்தோம். இருபது வருடம் கழித்து ஊருக்கு வந்தால் கவின் என்பது நம் ரமேஷாக இருக்கலாம்.

வேதாளம்77:
கவினேஷா! தமிழ்ப் பெயரைப் பிடித்து அதற்கும் ஒரு 'ஏஷ்' வால் ஒட்டினால்தான் நமக்குத் தூக்கம் வரும்.

லாச்சப்பல்வாசி:
டபிள்யூ போடவேண்டாம். நாளைக்குப் பிள்ளை பிரான்சிலோ கனடாவிலோ படிக்கப் போனால் வேறு மாதிரி வாசிப்பார்கள், கடவுச்சீட்டில் ஒன்று சான்றிதழில் ஒன்று என்று சிக்கல். பிரெஞ்சுக்காரர் எப்படியும் கடைசி எழுத்தை மூக்கால் இழுத்துத்தான் சொல்லுவார்கள், அதற்கு மருந்து இல்லை. நேராகவே எழுதுங்கள்.

கெவின்_தான்:
நானும் அதைத்தான் சொல்வேன். ஜெர்மனில் முதல் எழுத்தை நீட்டிக் 'காவின்' என்று சொல்லுவார்கள், கெவின் மாதிரிக் கேட்காது. நேரில் ஒரு தரம் சொன்னால் போதும். பிரச்சினை எழுத்தில் மட்டும்தான், அதுவும் மின்னஞ்சலில். என் நண்பன் ஒருவன் பெயர் கவின், பொக்கும் நகரத்தில் இருக்கிறான். மாதத்தில் ஒரு மடல் 'அன்புள்ள கெவின்' என்று அவனுக்கு வரும். எனக்கும் ஒரு தரம் 'அன்புள்ள கவின்' என்று வந்தது, அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

தாமரை_எசன்:
பதிவு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். பிள்ளைக்குத் தீங்கு தரும் பெயர் என்று அவர்களுக்குத் தோன்றினால் மறுக்கலாம், கேள்விப்படாத பெயர் என்றால் இது பெயர்தானா என்று ஆதாரம் கேட்கலாம். வீஸ்பாடனில் ஜெர்மன் மொழிச் சங்கம் இருக்கிறது, லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பெயர் ஆலோசனை மையம் இருக்கிறது, அவர்களிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வதும் உண்டு. பெரும்பாலும் கவினுக்கு அதுவரைக்கும் போகாது. அதைவிட உங்களுக்குத் தலையிடி தரப்போவது குடும்பப் பெயர். உங்கள் கடவுச்சீட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். என்ன வைத்தாலும் நிதானமாக வையுங்கள், இங்கே பின்னாடி முதற்பெயரை மாற்றத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

லாச்சப்பல்வாசி:
இங்கே 2016 கடைசியிலிருந்து நீதிமன்றம் போகத் தேவையில்லை, நகராட்சியிலேயே விண்ணப்பிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கெவின் அப்படித்தான் மாற்றிக்கொண்டார். இப்போது அவர் தோமா. வேலைக்கு விண்ணப்பம் போட்டு அலுத்துப்போய் எடுத்த முடிவு.

மட்டுறுத்துநர்:
குடும்பப் பெயர், இனிஷியல், கடவுச்சீட்டு பற்றிய கேள்விகளுக்கு 'ஜெர்மனி: ஆவணங்கள்' பகுதியில் ஏற்கெனவே இழை ஓடுகிறது, அங்கே தொடருங்கள். இங்கே பெயரோடு நிற்போம்.

நெக்கார்க்கரை:
அனைவருக்கும் நன்றி. கவின்தான், நேரான எழுத்துக்கூட்டல்தான். அலுவலகத்தில் மறுபடி யாராவது "கெவினா?" என்றால், ஏன், கெவினுக்கு என்ன என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கப் போகிறேன்.

வேதாளம்77:
அதெல்லாம் சரி. பெண் பிறந்தால்?

நெக்கார்க்கரை:
அதில் குழப்பமே இல்லை. என் அம்மாவின் அம்மா பெயர், எல்லோருக்கும் சம்மதம். சாந்தா.

தாமரை_எசன்:
ஐயோ தம்பி. சாந்தாவா? நான் மேலே எழுதிய அந்த ஆசிரியர் பட்டியலைத் திரும்ப ஒருக்கால் வாசியுங்கள்.

எண்ணும்_எழுத்தும்:
கெவினிஸ்முஸ் ஆண்பால். பெண்பாலுக்குச் 'சாந்தாலிஸ்முஸ்' என்று பெயர். புது இழை தொடங்குங்கள், நான் தரவுகளோடு வருகிறேன்.